மேகம் என்று எழுது

முதல் நாள் நண்பகல் பன்னிரண்டு பத்துக்கு எட்டாவது வரிசை செத்துப்போனது.

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. திரையில் இருபத்து நான்கு வரிசைகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்பது, ஒன்பது புள்ளி ஒன்று, எட்டு புள்ளி ஒன்பது என்று ஆம்பியர் கணக்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எட்டாவது வரிசைக்கு எதிரே இருந்த ஒன்பது மட்டும் ஏழாகி, நான்காகி, ஒன்றுமே இல்லாமல் போய், மூன்று நிமிடம் அப்படியே கிடந்தது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஒன்பதுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன்தான் அந்தச் சூரிய மின் நிலையத்தின் பொறுப்பாளன். நேற்றுவரை இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். இப்போது ஆபீஸ் வேலையைப் பார்க்கிறேன் என்று டவுனுக்கு மாறிக்கொண்டு, தங்கைக்கு இந்த இடத்தை வாங்கிக் கொடுத்திருந்தான். அவன் முழுக்கக் கேட்டுக்கொண்டான். பிறகு, "மேகமா இருக்கும் பாப்பா. மேகம்னு எழுதிடு" என்றான்.

சரி, மேகம் என்றால் வானத்தில் இருக்க வேண்டாமா? ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளின் கிழிசல் வழியே பார்த்தால் வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. ஆனாலும் அது அந்த நிலையத்தின் பழக்கம். காரணம் தெரியாத எந்தச் சரிவுக்கும் நோட்டில் மேகம் என்று எழுதிவிட்டால் மேலிருந்து யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அவளும் எழுதினாள். 12.10, வரிசை 8, மேகம்.

அந்த இடத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கணவன் சொன்னதுதான். அவனும் இங்கேதான் வேலை பார்த்தான், பழுது பார்ப்பவனாக. சாப்பிட்டு முடித்த தட்டுகளையும் தீப்பெட்டிகளையும் தரையில் பரப்பி வைத்துப் பாடம் நடத்துவான். கண்ணாடிக்கு அடியில் சிலிக்கான் சில்லு இருக்கிறது, வெளிச்சம் பட்டதும் அதற்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் இருந்த இடத்தை விட்டு ஓட ஆரம்பிக்கும், அந்த ஓட்டம்தான் மின்சாரம் என்பான். இருபது பேனல் கை கோத்து நின்றால் ஒரு வரிசை. எல்லா வரிசையும் கண்ட்ரோல் ரூமுக்கு வந்து, இன்வெர்ட்டர் என்ற பீரோ அளவுப் பெட்டிக்குள் நுழைந்து, ஒரே திசையில் ஓடிய மின்சாரம் வீடுகளுக்கு ஏற்ற மாதிரி முன்னும் பின்னும் ஆடும் மின்சாரமாக மாறி வெளியே போகும். கடைசியில் தவறாமல் ஒன்று சொல்வான்: "லைட்டை அணைக்கலாம், சூரியனை அணைக்க முடியாதுடி. ஓட்டத்தை மட்டும்தான் நிறுத்தலாம். நிறுத்தாம இணைப்பைப் பிடுங்கினா நெருப்பு மூஞ்சிக்கே வரும்."

அப்படித்தான் வந்தது. போன வருடம், பதினாறாவது வரிசையில்.

அதற்கென்று ஒரு முறை இருந்தது. ரூம் சுவரில் வரிசைக்கு ஒரு சுவிட்ச். வரிசையில் கை வைக்கப் போகிறவன் தன் சுவிட்சைத் தானே அணைத்து, சிவப்புப் பூட்டு ஒன்றை அதில் மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். சுவிட்ச் அணைந்திருந்தால்தான் அந்தப் பூட்டு உள்ளேயே நுழையும். ஆனால் நாற்காலியில் இருப்பவன் மச்சான். சின்ன வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றியவன், தங்கையைக் கட்டிக்கொடுத்தவன். அவன் முன்னால் போய்ப் பூட்டு மாட்டினால் உன்னை நம்பவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அதனால் அவள் கணவன் வரிசையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு வாக்கிடாக்கியில், "மச்சான், அணைச்சாச்சா?" என்று கேட்பான். ரூமிலிருந்து, "அணைச்சாச்சு" என்று பதில் வரும். பிறகு கை வைப்பான். நாலு வருடம் அப்படியே ஓடியது.

அன்றைக்கு அவன் கேட்கவே இல்லை என்று அண்ணன் சொன்னான். விசாரணைக்கு வந்தவர்களிடமும் சொன்னான், பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு இவளிடமும் சொன்னான். "ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா பாப்பா?" பூட்டும் போடவில்லை, கேட்கவும் இல்லை, சொந்தத் தவறு என்று காகிதத்தில் முடிந்துபோனது. பூட்டு ரூமில் ஆணியில் தொங்கியபடி இருந்தது. சாவி சட்டைப்பையில் இருந்தபடியே அவனோடு போய்விட்டது. ஒரு வருடமாக அவள் செத்தவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். அவசரக்குடுக்கை, என்னை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்று. ஆறுதலுக்கு இருந்தது அண்ணன் ஒருவன்தான்.

இரண்டாம் நாள் அதே பன்னிரண்டு பத்துக்கு ஏழாவது வரிசை படுத்தது. மூன்றாம் நாள் ஆறு. ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அந்த வரிசையே கொஞ்சம் சுணங்கும் என்பது அவளுக்குத் தெரியும். காக்கை உட்கார்ந்தாலும் கணக்குக் குறையும். ஆனால் குறைவது வேறு, ஒன்றுமே இல்லாமல் போவது வேறு. போதாததற்கு, ஆறு என்பது ஏழைவிட இந்த ரூமுக்குப் பக்கம். முதல் வரிசை ஜன்னலுக்கு வெளியே, எட்டிக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது.

நான்காம் நாள் பன்னிரண்டு மணிக்கே தொப்பியை மாட்டிக்கொண்டு ஐந்தாவது வரிசைக்குப் போனாள். சரளைக்கல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. இரண்டு பக்கமும் இடுப்புயரக் கண்ணாடி, கண்ணாடியிலிருந்து எழும்பிய அனல், சூடான ரப்பரும் தூசியும் கலந்த வாசனை, எங்கோ கம்பி ஒன்று விரிந்து டிக் டிக்கென்று விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. மனித வாடையே இல்லை. பேனல் கழுவும் பெண்கள் காலையிலேயே போய்விட்டிருந்தார்கள், வாட்ச்மேன் கேட்டில் குடைக்கடியில் கண் செருகியிருந்தார்.

பன்னிரண்டு பத்துக்கு டிக் டிக் சத்தம் நின்றது.

ஒன்பதாவது பேனலின் கண்ணாடி மேல் ஒரு நிழல் கிடந்தது. முதலில் அது தன் நிழல் என்றுதான் நினைத்தாள். அவள் நிழல் காலடியில் ஒட்டிக் குட்டையாக இருந்தது. இது நீளமாக இருந்தது, சாயங்கால நிழல் மாதிரி. குத்துக்காலிட்டு உட்கார்ந்த ஒரு ஆள். குனிந்த தலை, முன்னால் நீட்டிய இரண்டு கை, விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. வலது கை ஆள்காட்டி விரல் பாதியில் நின்றது. கல்யாணத்துக்கு முன்பே மெஷினில் கொடுத்த விரல் அது.

நிழல் விழ வேண்டுமானால் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

அவள் கை தானாகவே நீண்டு கண்ணாடியைத் தொட்டது. முட்டை பொரியும் சூட்டில் இருக்க வேண்டிய கண்ணாடி, கிணற்றுக்கல் மாதிரி சில்லென்று இருந்தது. நிழலின் தலை மெதுவாக நிமிர்ந்தது. ரூமைப் பார்த்து.

எப்படி ஓடிவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய், மூச்சுவாங்க, நிழல் ஒன்று பார்த்தேன் என்று மட்டும் சொன்னாள். யாருடையது என்று அவள் சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. தங்கையின் தோளைத் தட்டிக்கொடுத்து, வெயில் கண்ணைக் கட்டும், தண்ணீர் நிறையக் குடி என்றான். அவள் செருப்பை மாட்டும்போதுதான், வேறு எங்கோ பார்த்தபடி, "எந்த வரிசை?" என்று கேட்டான்.

"அஞ்சு."

அவன் உதடு அசைந்தது. எண்ணுகிறான் என்று அப்போது அவளுக்குப் படவில்லை.

ஏழாம் நாள் இரண்டாவது வரிசை. அவள் வெளியே போகவில்லை. கம்பி போட்ட ரூம் ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது, உள்ளே திரையின் வெளிச்சத்தைத் தவிர எப்போதும் அரையிருட்டு. இன்வெர்ட்டரின் இரைச்சல் காதுக்குள்ளேயே குடியிருந்தது. கணக்கு இறங்கத் தொடங்கியதும் இரைச்சல் ஒரு சுருதி தாழ்ந்தது. மேசை மேல் வாக்கிடாக்கி கரகரவென்றது. அதன் ஜோடி அவள் கணவனோடு எரிந்து போனதுதான். அந்தப் பக்கம் பேச யாருமே கிடையாது.

"மச்சான்," என்றது. "அணைச்சாச்சா?"

ஒரு வருடம் கழித்துக் கேட்டாலும் புருஷன் குரல் தெரியாதா? கொஞ்சம் மூக்கடைத்த, பாதிச் சிரிப்போடு கேட்கும் குரல். பயத்தையும் தாண்டி வேறொன்று அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கேட்டிருக்கிறான். அவன் கேட்டிருக்கிறான்.

நோட்டைப் பின்னால் புரட்டினாள். அவள் எழுத்துக்கு முந்தைய பக்கம், அண்ணன் எழுத்து. 12.10, வரிசை 9, மேகம். முந்தின நாள், வரிசை 10, மேகம். பதினொன்று, மேகம். பன்னிரண்டு, மேகம். அப்படியே போய்ப் பதினாறில் நின்றது. அவள் கணவன் இறந்து சரியாக ஒரு வருடம் ஆன தேதி. எட்டு நாள் அண்ணன் இதே இடத்தில் உட்கார்ந்து, அது வரிசை வரிசையாகக் கிட்டே வருவதைப் பார்த்திருக்கிறான். எட்டாம் நாள்தான் அவள் வீட்டுக்கு வந்து, "எத்தனை நாள் பாப்பா வீட்டுக்குள்ளேயே கிடப்ப? நம்ம ரூம்லயே ஒரு வேலை இருக்கு" என்று கண்கலங்கப் பேசினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள்.

பரணில் போன வருடத்து நோட்டு இருந்தது. அந்தத் தேதியைத் தேடி எடுத்தாள். அண்ணனின் முத்து முத்தான எழுத்து. 12.10, வரிசை 16, மேகம்.

புருஷன் எரிந்த நிமிடத்தை மேகம் என்று எழுதியிருந்தான். சோறு போட்ட கை, கண்ணீர் துடைத்த கை, அதே கையால் இதை எழுதிவிட்டு வந்துதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். இத்தனை நாள் யாரைப் போய்த் திட்டினோம் என்று நினைத்தபோது செத்தவன் காலில் விழ வேண்டும் போலிருந்தது.

அன்றிரவே போன் செய்து, நாளை நண்பகல் நீ வந்து இந்த நாற்காலியில் உட்கார வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றாள். வரவில்லையென்றால் இரண்டு நோட்டையும் முதலாளிகளிடம் கொடுப்பேன் என்றாள். அவன் கோபப்படவே இல்லை. சரி பாப்பா, வருகிறேன் என்றான்.

வந்தான். பதினொன்றே முக்காலுக்கு. வாட்ச்மேனை ஏதோ வேலை சொல்லி டவுனுக்கு அனுப்பிவிட்டு வந்ததாகச் சொன்னான். அவளுக்குப் பிடித்த பிஸ்கட் பாக்கெட் ஒன்றை மேசையில் வைத்தான். நாற்காலியைப் பார்த்தான், உட்காரவில்லை. சுவரில் ஆணிப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றான். வண்டியில் போனை வைத்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனான். கதவு சாத்தியது. வெளியே க்ளிக்கென்று ஒரு சத்தம்.

அவள் ஆணியைப் பார்த்தாள். சிவப்புப் பூட்டு இல்லை.

அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது. திறக்கத்தான் சாவி வேண்டும்.

கதவை இழுத்தாள், இடித்தாள், உதைத்தாள். இரும்புக் கதவு. மேசையில் அவள் போன் அடித்தது. கறுப்புத் தாளின் கிழிசல் வழியாகப் பார்த்தால் அண்ணன் தூரத்தில் கேட்டுக்கு அந்தப் பக்கம், வண்டியில் சாய்ந்தபடி, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நாற்காலிய விட்டு எழுந்திரிக்காத பாப்பா," என்றான். அழுதுகொண்டிருந்தான். "அது காலியா இருந்தா அவன் என்னைத் தேடி வீட்டுக்கு வருவான். உன்னை ஒண்ணும் பண்ணமாட்டான். நீ அவன் பொண்டாட்டி."

"அவர் கேட்டாராண்ணா?"

தூரத்தில் அண்ணன் ரூமுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான்.

"கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"அணைச்சாச்சுன்னு சொன்னேன். முதலாளிங்க எல்லாம் ரூம்ல நின்னு ஸ்க்ரீனைப் பாத்துட்டு இருந்தாங்க பாப்பா, இரைச்சல்ல அவன் கேட்டது அவங்க காதுல விழல. கோடு அவ்வளவு அழகா ஏறியிருந்துச்சு. ஒரு வரிசையை அணைச்சா நடுவுல பள்ளம் விழும். ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடுவாங்க, அணைச்சுடலாம்னு இருந்தேன். அவன் அதுக்குள்ள கை வைப்பான்னு நினைக்கல."

ஒரு கோடு. திரையில் காலையில் ஏறி, உச்சியில் வளைந்து, சாயங்காலம் இறங்கும் கோடு. அது பள்ளமில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

பன்னிரண்டு பத்து.

முதல் வரிசை. ஒன்பது. ஐந்து. இரண்டு. இல்லை.

இன்வெர்ட்டர் இரைச்சல் தாழ்ந்தது. கிழிசல் வழியே பார்த்தாள். கண்ணாடி மேல் அது உட்கார்ந்திருந்தது. பிறகு கண்ணாடியிலிருந்து வழிந்து சரளைக்கல்லில் இறங்கியது. கல் மேல் ஊர்ந்து வந்தது. கதவை நோக்கி.

கதவுக்கடியில் ஒரு விரற்கடை வெளிச்சம் இருந்தது. அது ஒரு ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. முழுக்கக் கறுத்தது. மறுபடி வெளுத்தது.

உள்ளே வந்துவிட்டது.

வெயிலில் இருந்தவரை எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்தது. இந்த இருட்டில் எதை நிழல் என்று பார்ப்பது? கருகிய ரப்பர் வாசனை. பிறகு கருகிய முடி. நாற்காலிக்குப் பின்னால் குளிர். பிடரியில். இடது காதில்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"மச்சான். அணைச்சாச்சா?"

நான்தாங்க, என்றாள். சத்தம் வெளியே வரவில்லை.

"மச்சான். அணைச்சாச்சா?"

அவனுக்கு ஆள் தெரியவில்லை. நாற்காலி மட்டும்தான் தெரிகிறது. பொண்டாட்டி என்று விட்டுவிடுவான் என்பதும் பொய். குளிர் தோளில் ஏறியது. ஒரு கை. பாதி விரல் ஒன்று கழுத்தைத் தொட்டது.

அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள். போன வருடம் இதே இடத்திலிருந்து போயிருக்க வேண்டிய பதிலைச் சொன்னாள்.

"அணைக்கலங்க. கை வைக்காதீங்க. அண்ணன் உங்ககிட்ட பொய் சொல்லிட்டான். கேட்டுக்கு வெளியே நிக்கிறான்."

கை நின்றது.

வெகுநேரம் நின்றது. பிறகு கதவுக்கடியில் வெளிச்சம் கறுத்தது, வெளுத்தது. வாசனை போய்விட்டது. அவள் கிழிசலுக்கு ஓடினாள். நீண்ட நிழல் ஒன்று சரளைக்கல்லைத் தாண்டி, பாதையைத் தாண்டி, கேட்டின் கம்பிகளுக்கிடையே நுழைந்து போய்க்கொண்டிருந்தது. அண்ணன் ரூமையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பார்க்கவில்லை.

போன் இன்னும் துண்டிக்கப்படாமல் மேசையில் கிடந்தது. "பாப்பா? போயிடுச்சா?"

அவன் காலடியில் இரண்டு நிழல் இருந்தது. ஒன்று குட்டையாக நின்றது. ஒன்று நீளமாக, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓடு என்று ஒரு வார்த்தை.

அவளுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கல்யாணத்தில் அழுத அண்ணன் நினைவுக்கு வந்தான். முத்து முத்தான எழுத்தும் நினைவுக்கு வந்தது.

"போயிடுச்சுண்ணா," என்றாள். "பயப்படாம நில்லு."

அவன் அப்பாடா என்று கண்ணை மூடினான். உட்கார்ந்திருந்த நிழல் எழுந்து நின்றது.

நீல வெளிச்சம் ஒன்று வெட்டியது. வெயிலைவிட வெளிச்சம். அவள் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தபோது வண்டி மட்டும் அங்கே நின்றது. போன் தரையில் கிடந்தது. அண்ணன் இல்லை.

நிழல் இருந்தது. இரண்டும் இருந்தது, ஆளில்லாத மண்ணில், பக்கத்தில் பக்கத்தில். நீளமானது அசையவில்லை. குட்டையானது மெல்ல மடங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ரூமைப் பார்த்துத் தலையைத் திருப்பியது.

திரையில், கேட்டை ஒட்டிய இருபத்து நான்காவது வரிசை ஒன்பதிலிருந்து ஏழானது. நான்கானது. கதவில் பூட்டு தொங்கியது. அவள் கையில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"பாப்பா," என்றது. "அணைச்சாச்சா?"